வடக்கு வாசலைத் திறந்தவன்

ஏன் சார், இந்த ஊர்ல ஒரு பூட்டுக்காரர்கூடவா இல்ல, என்னை எதுக்கு ரெண்டு பஸ் மாறி வர வெச்சீங்கன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான் தம்பி. இருந்தாரு. போன வாரம் வரைக்கும் இருந்தாரு. அவரு இருந்திருந்தா உங்கள எதுக்குக் கூப்பிடப் போறேன்? பாத்து வாங்க, அந்தக் கடைசிப் படி ஆடும். தலையக் குனிஞ்சுக்குங்க, மேல தொங்கறது எல்லாம் தாடி. பொய்த் தாடிதான், பயப்படாதீங்க. ஆனா மூக்கப் பிடிச்சுக்குங்க. ஒரே தாடிய மந்திரியும் கட்டுவான், தளபதியும் கட்டுவான், கூட்டத்துல நிக்கறவனும் கட்டுவான். எச்சி, வேர்வை, பசை எல்லாம் காஞ்சு காஞ்சு கெட்டியா நிக்குது. தண்ணியக் கண்டு எத்தனை வருஷம் ஆச்சோ. இந்த ஊரோட வீர வரலாறு பூரா அந்தத் தாடியிலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு.

இதான் பீரோ. மெதுவாப் பாருங்க, ஆனா ரொம்ப மெதுவாவும் வேணாம். நாலு மணிக்குக் கீழ ஹால்ல மீட்டிங். அதுக்கு முன்னாடி இதுக்குள்ள இருக்கற ஒரு நோட்டு என் கைக்கு வரணும். சாவியா? சாவி இல்ல. சாவி இருந்தா நீங்க எதுக்கு? அதப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல உங்க கம்பிய எடுங்க. அந்தக் கதவு பக்கத்து நாற்காலியில உக்காராதீங்க, அது சிம்மாசனம், பின்னங்கால் ஒண்ணு போலி.

நான் யாரா? நான் இந்த நாடகக் குழுவுல வசனம் எடுத்துக் கொடுக்கறவன். மேடைக்குப் பக்கத்துல, திரை மறைவுல, ஒரு முக்காலியில உக்காந்துக்கிட்டு, இவனுங்க மறந்து போற வரிய மெல்லச் சொல்லிக் கொடுக்கறது. முப்பத்தி நாலு வருஷமா அதான் வேலை. என் மூஞ்சிய ஜனங்க யாரும் மேடையில பாத்தது கிடையாது. ஆனா அங்க பேசின ஒவ்வொரு வார்த்தையும் என் வாய் வழியாப் போனதுதான். மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவருதான் கோட்டைத் தலைவர் வேஷம். வாளை உருவுவாரு, நெஞ்சை நிமித்துவாரு, அப்புறம் கண்ண உருட்டிக்கிட்டு என் பக்கம் திரும்புவாரு. வரி மறந்திருக்கும். கைதட்டு அவருக்கு. தொண்டைக் கட்டு எனக்கு.

என்ன நாடகம்னா கேக்கறீங்க? இந்த ஊருக்குன்னு ஒரே ஒரு கதைதான் இருக்கு, அதையேதான் வருஷா வருஷம் அரைக்கறாங்க. அந்தக் காலத்துல இங்க ஒரு சின்னக் கோட்டை. எதிரி வந்து சுத்தி வளைச்சான். நாப்பது நாள் நம்மாளு உள்ள இருந்து தாக்குப் பிடிச்சாரு. நாப்பத்தி ஓராவது நாள் விடியக்காலையில வடக்கு வாசல் திறந்துக்கிச்சு. எதிரி உள்ள வந்தான். தலைவர் வாசப்படியிலயே வெட்டுப்பட்டுச் செத்தாரு. அவ்ளோதான். அந்தக் கோட்டைச் சுவரு இன்னும் அஞ்சாறு அடி மிச்சம் இருக்கு, பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குப் பின்னாடி. நாத்தம் தாங்காம ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்ல. ஆனா கோட்டையப் பத்திப் பேசச் சொல்லுங்க, நெஞ்சுல அடிச்சுக்கிட்டுப் பேசுவானுங்க.

வாசலத் திறந்தது யாருன்னு கேக்கறீங்க பாத்தீங்களா? எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. தலைவர் பேரு எவனுக்கும் ஞாபகம் இருக்காது. துரோகி யாருன்னு மட்டும் தெரியணும். கோட்டைக்குப் பூட்டு செஞ்சு கொடுத்த பூட்டுக்காரன்தான் துரோகி. ராத்திரியோட ராத்திரியா எதிரிகிட்டப் பேரம் பேசி, விடியறதுக்கு முன்னாடி வந்து, தானே செஞ்ச பூட்டத் தானே திறந்துவிட்டான். நாடகத்துல அதுதான் உச்சம். அவன் தனியா நடந்து வருவான், சுத்திமுத்திப் பாப்பான், பூட்டத் தடவிக் கொடுப்பான், அப்புறம் திறப்பான். அந்த நேரத்துல கூட்டம் என்ன பண்ணும் தெரியுமா? இதுதான் எங்க குழுவோட பெருமை. வாசல்ல டிக்கெட் கிழிக்கற இடத்துலயே ரெண்டு கூடை வெச்சிருப்போம். கூடை நிறையத் துணி உருண்டை. பழைய துணியக் கிழிச்சு, உருட்டி, நூல் சுத்தி, சேத்துத் தண்ணியில முக்கி வெச்சிருப்போம். ஆளுக்கு ரெண்டு. பூட்டத் திறந்த உடனே எல்லாரும் மேடையப் பாத்து வீசலாம். கைக்குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு, அந்தப் பிஞ்சுக் கையில உருண்டையத் திணிச்சு, எறிடா கண்ணு, துரோகி மேல எறிடான்னு சொல்லிக் கொடுக்கற அம்மாவ நான் பாத்திருக்கேன். கலை வளக்கறாங்களாம், கலை.

அந்த வேஷம் தபால்காரருக்கு. நல்ல மனுஷன், ஆனா அந்தச் சேத்த வாங்கறதுல அவருக்கு ஒரு கிறக்கம். மறுநாள் தபால் கொண்டு போற வீட்ல எல்லாம், நேத்து என் காதுல பட்டுச்சே, அது உங்க கையாதான்னு கேட்டுச் சிரிப்பாரு. வேஷத்தக் கலைச்சுட்டா அவரு தபால்காரரு. குளிச்சா போயிடும். குளிச்சாலும் போகாத ஒருத்தர் இருந்தாரே, அவரப் பத்தித்தான் சொல்ல வர்றேன்.

இந்த ஊர்ல பூட்டு வேலை பாத்தது ஒரே ஒரு குடும்பம் தம்பி. தாத்தா, அப்பா, அப்புறம் இவரு. வேற ஆளே கிடையாது. அப்ப துரோகி யாரோட முப்பாட்டன்? யாரும் நாடகத்துல பேரு சொல்லல. சொல்லவே வேணாம். ஊர்க்காரங்களே முடிவு பண்ணிட்டாங்க. முதல்ல விளையாட்டாத்தான் ஆரம்பிச்சுது. வீட்டுப் பூட்டு ரிப்பேர் பாக்க அவரு போனா, ஐயா வடக்கு வாசலத் திறந்துடாதீங்கன்னு ஒருத்தன் சொல்லுவான். அவரும் சிரிப்பாரு. அப்புறம் அவரு கடை இருக்கற சந்துக்கே துரோகி சந்துன்னு பேரு வந்துடுச்சு. ஆட்டோக்காரங்க அப்படிச் சொன்னாத்தான் இறக்கி விடுவாங்க. அப்புறம் புது வீடு கட்டறவன் எல்லாம் வெளியூர்ல போய்ப் பூட்டு வாங்கிட்டு வர ஆரம்பிச்சான். ஏன்யான்னு கேட்டா, எதுக்கு வம்பு, ரத்தத்துல இருக்கும்பாங்க. முப்பது வருஷமா ஊர்ல பாதி வீட்டுச் சாவி அவர் கைபட்டதுதான், ஒரு குண்டூசி களவு போனது கிடையாது. ரத்தத்துல இருக்காம்! இவனுங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?

இன்னும் கேளுங்க. அவருக்கு ஒரே பொண்ணு. ஸ்கூல்ல ஏழாவது படிக்கறப்போ ஆண்டு விழாவுக்கு இதே கதைய சின்னதாப் போட்டாங்க. டிரில் வாத்தியார்தான் சொல்லிக் கொடுத்தாரு, அவருதான் இப்ப எங்க டைரக்டரு. துரோகியோட மகளா யாரு நிக்கறதுன்னு வந்தப்போ, அந்தப் பொண்ணையே நிக்க வெச்சாரு. பொருத்தமா இருக்கும்னு சொன்னாரு தம்பி. பொருத்தம்! பன்னெண்டு வயசுப் புள்ள, தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்குது, கூடப் படிக்கற புள்ளைங்க எல்லாம் உருண்டைய வீசுது. நான் ஓரமா உக்காந்து அதுக்கும் வசனம் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் புள்ளைக்கு ஒரே ஒரு வரிதான். என் அப்பா செஞ்சது தப்பு. அத அது மறக்கவே இல்ல. நான் எடுத்துக் கொடுக்க வேண்டிய தேவையே வரல. பின்னாடி மாப்பிள்ளை பாக்கறப்போ இந்த ஊர்ல ஒருத்தனும் வாசப்படி ஏறல. வெளியூர்லதான் கட்டிக் கொடுத்தாரு.

அவரு கோவப்படலையான்னா கேக்கறீங்க? அதான் இல்ல. கோவமே படல. ஒவ்வொரு வருஷமும் நாடகம் பாக்க வருவாரு. டிக்கெட் எடுத்து, மனைவியோட வந்து, கடைசி வரிசையில உக்காருவாரு. கூடையில இருந்து உருண்டை எடுக்க மாட்டாரு. மத்தபடி எல்லாரு மாதிரியும் பாத்துட்டுப் போவாரு. ஸ்கூல் பூட்டு, ஆஸ்பத்திரிப் பூட்டு, எது கெட்டாலும் கூப்பிடறதுக்கு முன்னாடி வந்து நிப்பாரு. ஊருக்கு ஏதோ பட்ட கடன் இருக்கற மாதிரி நடந்துக்குவாரு. இவனுங்களும் கூசாம வேலை வாங்குவானுங்க. நானும்தான். என் வீட்டு அலமாரிப் பூட்ட மூணு தடவ சரி பண்ணிக் கொடுத்திருக்காரு.

என்ன, இறுகிக் கிடக்கா? எண்ணெய் விடுங்க, அவசரமில்ல. அவசரம்தான், ஆனா உடைச்சுடாதீங்க. உள்ள இருக்கறது வெறும் காகிதம், தூளாயிட்டா போச்சு.

சரி, படத்துக்கு வர்றேன். நாடகம் போட்டது போதாதுன்னு இந்த வருஷம் படம் எடுக்கணும்னு கிளம்பினாரு டிரில் வாத்தியாரு. எங்கேயோ ஒரு கேமரா வாங்கிட்டு வந்தாரு, தொப்பியத் திருப்பிப் போட்டுக்கிட்டாரு, கழுத்துல ஒரு விசில் தொங்குது. ஸ்கூல்ல ஊதினது பத்தாதுன்னு இங்க. மண்ணின் உண்மைக் கதைன்னு போஸ்டர் அடிச்சாச்சு. மருந்துக்கடைக்காரரு குதிரையில ஏறணும்னு ஒரு காட்சி. குதிரை இல்ல. ஸ்கூட்டர்ல உக்கார வெச்சு இடுப்புக்கு மேல மட்டும் எடுத்தாங்க. மேடு பள்ளத்துல ஸ்கூட்டர் குலுங்கினா குதிரை ஓடற மாதிரி இருக்குமாம். எடுத்துட்டு அவங்களே பாத்துப் புல்லரிச்சுப் போயிட்டாங்க. இந்த அழகுல ஒத்திகை அன்னிக்கு ஒரு யோசனை வந்துச்சு டைரக்டருக்கு. செட்டு எதுக்கு, துரோகிய ஜனங்க அடிக்கற காட்சிய நெசமான இடத்துலயே எடுப்போம்னு. நெசமான இடம்னா எது? அவரு கடைதான்.

போய்க் கேட்டாங்க. உங்க கடை முன்னாடி ஒரு சின்ன ஷாட்டு எடுத்துக்கறோம்னு. என்ன காட்சின்னு சொல்லல. அவரும் சரின்னுட்டாரு. காலையில பத்து மணி இருக்கும். நாங்க போய் இறங்கறோம், கடை வாசலக் கூட்டித் தண்ணி தெளிச்சு வெச்சிருக்காரு. அயர்ன் பண்ணின சட்டை. பலகையில தொங்கற பூட்டு எல்லாம் தொடச்சுப் பளபளன்னு இருக்கு. படத்துல கடை வரப் போகுதுன்னு ஒரு சந்தோஷம் தம்பி அந்த மனுஷனுக்கு. அவங்க மனைவி எங்க எல்லாருக்கும் குடிக்கத் தண்ணி எடுத்து வைக்கறாங்க. இந்தப் பக்கம் வேன்ல இருந்து கூடைய இறக்கறாங்க. ரெண்டு இல்ல, எட்டுக் கூடை. நூறு நூத்தம்பது பேரு கூடிட்டாங்க.

தபால்காரரு வேஷம் கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கணும், கேமரா ஓடணும், கூட்டம் கத்திக்கிட்டே வீசணும். அதான் ஏற்பாடு. தபால்காரருக்குத் தாடி ஒட்டல. பசை தீந்து போச்சு. அவரு வேன்ல உக்காந்துக்கிட்டு இருக்காரு. இதக்கூடப் பாக்காம டைரக்டரு விசில ஊதிட்டாரு. படத்துல எனக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. கூட்டத்துக்கு வசனம் எடுத்துக் கொடுக்கணுமாம். மெகாபோன் கையில இருக்கு. விசில் கேட்டதும் நான் துரோகி ஒழிகன்னு குரல் கொடுத்தேன். முப்பத்தி நாலு வருஷப் பழக்கம், விசிலோ மணியோ கேட்டா வாய் தானா பேசும். கூட்டம் வாங்கிச் சொல்லுச்சு. அந்த நேரம் பாத்து அவரு, தண்ணி டம்ளர் வெச்ச தட்ட எடுத்துக்கிட்டு, கடைக்குள்ள இருந்து வெளிய வர்றாரு.

அவ்ளோதான்.

யாருக்கும் தெரியலன்னு சொல்லாதீங்க. முதல் உருண்டை வேணும்னா தெரியாம வந்திருக்கும். ரெண்டாவது? பத்தாவது? அந்தத் தாடி இல்லாத மூஞ்சிய அவங்களுக்குத் தெரியாதா? தினம் பாக்கற மூஞ்சி. வீட்டுக்குள்ள விட்டுப் பூட்டக் கழட்டி மாட்டச் சொன்ன மூஞ்சி. அவரு மூக்குக் கண்ணாடி தெறிச்சு விழுந்துச்சு. டம்ளர் எல்லாம் உருண்டு ஓடுது. அவரு தட்ட மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. அந்தம்மா ஓடி வந்தாங்க, அவங்க கழுத்துல ஒண்ணு பட்டுச்சு. மருந்துக்கடைக்காரர் இருக்காரே, மாவீரரு, அவரு ஒரு ஓரமா நின்னு தன் கவசத்துல சேறு படாம இருக்கத் துண்டால மூடிக்கிட்டு இருந்தாரு. டைரக்டர் என்ன பண்ணினாருன்னு நெனைக்கறீங்க? நிறுத்தல. கேமராவ இன்னும் கிட்டக் கொண்டு போனாரு. கூடை எட்டும் காலியான பின்னாடிதான் விசில் ஊதினாரு.

அப்புறம் அவரு என்ன பண்ணினாரு தெரியுமா? குனிஞ்சு கண்ணாடியத் தேடி எடுத்தாரு. சட்டையில தொடச்சாரு, சட்டையே சேறு, தொடச்சு என்ன ஆகப் போகுது. அப்புறம் வாசல்ல கிடந்த துணி உருண்டைய எல்லாம் ஒவ்வொண்ணாப் பொறுக்கிக் கூடையில போட்டு, கூடைய டைரக்டர்கிட்டக் கொடுத்து, உங்க துணி சார்னாரு. அதுக்கு அந்த ஆளு சொல்றான், அவனுக்கு என்ன மரியாத, சொல்றான், பிரமாதம்யா, ஒரிஜினலே வந்து நின்ன மாதிரி ஆயிடுச்சு, உங்க மூஞ்சியில வந்த அந்த இது, எந்த நடிகனும் தர முடியாது, அப்படியே வெச்சுக்கறேன்னு. த்தூ. மன்னிச்சுக்குங்க, கீழ துப்பறது தப்புதான். இந்தத் தரையில துப்பினா மட்டும் என்ன கெட்டுடப் போகுது.

அத வெட்டல. படத்துல இருக்கு. ஞாயித்துக்கிழமை ஹால்ல போடறாங்க. இதோட விடல தம்பி. நகரசபைக்காரங்க, அதுவரைக்கும் எடுத்ததப் பாத்துட்டுச் சொக்கிப் போயிட்டாங்க. வெளியூர்ல இருந்து ஆளு வந்து பாக்கற மாதிரி ஏதாவது பண்ணணுமாம். அவரு கடைச் சுவத்துல ஒரு கல்லு பதிக்கப் போறாங்க. வடக்கு வாசலைத் திறந்த துரோகியின் பரம்பரை வாழ்ந்த இடம். கல்லுல வெட்டி, கறுப்பு அடிச்சு. இன்னிக்கு நாலு மணிக்கு அதுக்குத்தான் கை தூக்கப் போறாங்க. தூக்கிட்டாங்கன்னா முடிஞ்சுது. நாடகம்னா ஆளு செத்தா அதுவும் செத்துடும். கல்லு சாகாது. பொண்ணு, பேரன், கொள்ளுப்பேரன்னு அத்தன பேரு மேலயும் எழுதினதுதான்.

அவரு எங்கேன்னா? போயிட்டாரு. பொண்ணு ஊருக்கு. கடையக் காலி பண்ணி, பலகைய மாட்டிப் பூட்டிட்டு, புதன்கிழமை காலையில மனைவியோட கிளம்பினாரு. போறதுக்கு முந்தின நாள் இங்க வந்தாரு. நீங்க உக்காந்திருக்கற அதே இடத்துல நின்னாரு. திட்டப் போறாரு, அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

என்னைப் பாத்துக் கேக்கறாரு. ஐயா, முப்பத்தி நாலு வருஷமா புஸ்தகம் உங்க கையிலதான் இருக்கு. நான் யார்கிட்டயும் கேட்டதில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க முப்பாட்டன் நெசமாவே அந்தக் கதவத் திறந்தாரா? திறந்திருந்தா, ஏன் திறந்தாருன்னு எங்கேயாவது எழுதி இருக்கா? பசியா, பயமுறுத்தினாங்களா, புள்ளையப் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்களா, ஏதாவது? என் பொண்ணு கேக்கும்போது நான் என்ன சொல்றதுன்னு தெரியாம இத்தன வருஷம் ஓட்டிட்டேன்னாரு.

நம்பிக்கிட்டு இருந்திருக்காரு தம்பி. அவரும் நம்பிக்கிட்டு இருந்திருக்காரு.

நான் என்ன சொன்னேனா? புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு, காரணம் ஒண்ணும் போடலன்னு சொன்னேன். அவரு தலைய ஆட்டினாரு. ரொம்ப நன்றிங்கன்னு கும்பிட்டுட்டு அந்த ஆடற படியில இறங்கிப் போயிட்டாரு. பழக்க தோஷத்துல போற போக்குல கதவுத் தாழ்ப்பாள ஒரு தடவ இழுத்துப் பாத்துச் சரி பண்ணிட்டுப் போனாரு.

அன்னியில இருந்து சோறு இறங்கல. என் வீட்டுக்காரி டாக்டர்கிட்டப் போவோம்கறா. எந்த டாக்டரு? மருந்து வாங்கறதும் அந்த மாவீரன் கடையிலதான் வாங்கணும்.

சாவி எப்ப தொலஞ்சுதுன்னு கேக்கறீங்க. பூட்டு தேய்மானமே இல்லாம நல்லா இருக்கா? இருக்கும். தொலையல தம்பி. ஆத்துல கிடக்கு. நான்தான் பாலத்துல இருந்து போட்டேன். நகரசபையில இருந்து கடுதாசி வந்துச்சு, கல்லுல போடறதுக்கு ஆதாரம் வேணும், பழைய கையெழுத்துப் பிரதி இருந்தா அனுப்புங்கன்னு. டிரில் வாத்தியாரு சாவியக் கேட்டாரு. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டு, அன்னிக்கு சாயங்காலமே போய்ப் போட்டுட்டேன். அப்ப பயம். இப்ப பயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா அத விட அருவருப்பு அதிகமாயிடுச்சு.

ஆஹா. திறந்துடுச்சா? கெட்டிக்காரரு நீங்க. நகருங்க, நானே எடுக்கறேன். அந்த மேல் தட்டுல, சிவப்புத் துணி சுத்தினது. இதான். எங்க குழுவ ஆரம்பிச்சவர் ஒரு வரலாறு வாத்தியாரு. ரொம்ப நாள் முன்னாடியே காலமாயிட்டாரு. பழைய பட்டயம், கணக்கு ஏடு எல்லாம் தேடிப் பாத்து அவரு எழுதின முதல் பிரதி. பாருங்க, மணி மணியா கையெழுத்து. நாப்பத்தி ஓராவது நாள் எங்க இருக்கு, இதோ. இந்த வரியப் படிங்க. சத்தமாப் படிங்க. ஆமா. வடக்கு வாசல் கதவு மழையில ஊறி உளுத்துப் போயிருந்ததால், எதிரிகள் முட்டியதும் தானே விழுந்தது. அவ்ளோதான் தம்பி. கதவு உளுத்துப் போயிருந்துச்சு. பூட்டும் இல்ல, பூட்டுக்காரனும் இல்ல, துரோகியும் இல்ல. மரம் மக்கிப் போச்சு, விழுந்துச்சு.

அப்ப துரோகி எங்க இருந்து வந்தான்னா, திருப்புங்க. நடுவுல தனித் தாள்ல ஒட்டி இருக்குல்ல, நாலு பக்கம். மேல ஓரத்துல வாத்தியாரு சிவப்பு மையில எழுதி இருக்காரு பாருங்க. இந்த வருஷத்துக்கு மட்டும், அடுத்த வருஷம் எடுத்துவிட வேண்டும். அடுத்த வருஷம் அவரு இல்ல. எடுக்கறதுக்கு யாரு இருந்தா?

என்ன நீட்டறீங்க? ஓ, உங்க புஸ்தகமா. யார் சொல்லித் திறந்தோம்னு கையெழுத்து வாங்கணுமா. சரியான வழக்கம்தான், நாளைக்கு ஒருத்தன் வந்து உங்களக் கேக்கக் கூடாது பாருங்க. கொடுங்க. பேரு, விலாசம், என்னத்துக்காகத் திறந்தது. என்னத்துக்காக. பழைய நாடகப் பிரதி எடுக்க. தேதி. போதுமா?

ஏன் அப்படியே பாக்கறீங்க? அந்த நாலு பக்கத்தையும் இதையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க.

ஆமா. ரெண்டும் ஒரே கையெழுத்துதான்.

வாய்ல சொன்னா கிழவன் புத்தி தடுமாறிட்டான்னு சொல்லி உக்கார வெச்சுடுவாங்க, அதான் காகிதம் வேணும்னேன். நாலு மணிக்கு இத அவங்க மூக்குக்கு நேரா நீட்டப் போறேன். அதுக்கு அப்புறம் என்னை இந்த ஊர்ல வெச்சிருப்பாங்களா, கூடைய எடுப்பாங்களா, அது என் பாடு.

ஏன் எழுதினேனா? முதல் ஒத்திகையில மருந்துக்கடைக்காரருக்குப் பட்டு வேட்டிய அவுத்துக் கவசம் மாட்ட ஏழு நிமிஷம் ஆச்சு தம்பி. தொப்பைக்குக் கொக்கி எட்டல. அந்த ஏழு நிமிஷம் மேடை காலியாக் கிடக்கும், ஜனங்க விசிலடிப்பாங்க, எழுந்து போயிடுவாங்க. ஏதாவது ஒண்ணு எழுதி நிரப்பிக் கொடுடான்னாரு வாத்தியாரு. ஒரு ஆளு மெதுவா நடந்து வந்து எதையாவது பண்ணட்டும்னு எழுதினேன்.

பூட்டுக்காரன் எதுக்குன்னு கேக்கறீங்க. உங்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும். அவரு மேல விரோதமான்னா, ஒரு மண்ணும் கிடையாது. அன்னிக்கு மேடைச் சாமான் பெட்டியத் திறந்து பாத்தேன், மேலாக ஒரு பெரிய பூட்டு இருந்துச்சு. அதான் பூட்டுக்காரன். கோடாலி இருந்திருந்தா விறகுவெட்டின்னு எழுதி இருப்பேன்.

அந்தப் பூட்டு ஏதுன்னா, அவரு கொடுத்தது. கோட்டைக் கதவு வெச்சு நாடகம் போடறீங்களாமே, வெறும் அட்டைப் பூட்டு நல்லா இருக்காதுன்னு, ராத்திரி பகலா உக்காந்து தானே செஞ்சு, எண்ணெய் போட்டுக் கொண்டாந்து கொடுத்தாரு. யாரும் கேக்கல. அப்பத்தான் அவருக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு மாசம். முதல் நாடகத்தன்னிக்கு மனைவியக் கூட்டிக்கிட்டு, எல்லாருக்கும் முன்னாடியே வந்து, முதல் வரிசையில உக்காந்திருந்தாரு, தான் செஞ்ச பூட்டு மேடையில வர்றதப் பாக்க.